ஆறு பேருக்கு ஏழு சீட்: மறுமண வீட்டில் ஒரு எர்டிகா

மாருதி எர்டிகாவைப் பற்றித் தமிழில் நான் படித்த, பார்த்த விமர்சனங்கள் எல்லாம் மைலேஜில் தொடங்கி ரீசேல் மதிப்பில் முடிகின்றன. அதுவும் வேண்டியதுதான், கீழே நானும் சொல்கிறேன். ஆனால் இந்த வண்டியை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு விஷயம். இரண்டு வீடுகளிலிருந்து வந்து ஒரு வீட்டில் சேர்ந்தவர்கள் இதில் எப்படி உட்கார்ந்து போவது? அதை யாரும் எழுதியிருக்கவில்லை.

யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழம்பும். நான் கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், விவாகரத்தானவள். என் மகள் பாப்பா எட்டாவது படிக்கிறாள். வீட்டுக்காரர் நூற்பாலை உதிரிபாக வியாபாரம். முதல் மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவர். அவருக்கு இரண்டு பையன்கள். பெரியவன் பிளஸ் டூ, சின்னவன் நாலாவது. ஆறாவது ஆள் அம்மிச்சி, அதாவது பையன்களின் அம்மாவைப் பெற்றவர். மகள் போனபிறகு பேரன்களை வளர்க்க வந்தவர், நான் வந்த பிறகும் எங்களோடுதான் இருக்கிறார். "உனக்கு வாய்ச்ச மாமியார் மாதிரி யாருக்கும் வாய்க்காதுடி, உறவுமுறையே கிடையாது" என்று என் அக்கா கிண்டல் செய்வாள். நிஜத்தில் அந்த வீட்டில் என்னிடம் முதலில் மனம்விட்டுப் பேசியவர் அவர்தான்.

எர்டிகா முதலில் வந்தது 2012ல். இப்போது ரோட்டில் ஓடும் இரண்டாம் தலைமுறை 2018 கடைசியில் வந்து, 2022ல் புது இன்ஜினோடு புதுப்பிக்கப்பட்டது. எங்களுடையது அந்தப் புதுப்பிப்புக்குப் பிறகு வாங்கிய பெட்ரோல் மேனுவல், இசட்எக்ஸ்ஐ வேரியன்ட். ஒன்றரை லிட்டர் இன்ஜின், 103 பிஎஸ். கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 20.51 கிலோமீட்டர். அவினாசி ரோட்டு சிக்னல்களில் அந்த எண்ணைத் தேடாதீர்கள்; ஊருக்குள் 13, 14 என்று வரும், பைபாஸ் பிடித்தால் 18ஐத் தொடும். ஸ்டியரிங் லேசு, கிளட்ச் லேசு, 4,395 மில்லிமீட்டர் நீளம் என்பதால் எங்கள் தெருவில் திருப்பவும் பயமில்லை. அதற்கு முன் சின்னக் கார் மட்டுமே ஓட்டிப் பழகிய நான் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டேன். இன்ஜினைப் பற்றி அவ்வளவு போதும், உறுத்தாத இன்ஜின்.

பழைய கார் 2011 வேகன்ஆர். அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் போனஸோடு ஒரு தொகை கழியும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். பெரியவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டான். அது அவனுடைய அம்மா தேடிப் பிடித்து வாங்கிய வண்டி. பின் கண்ணாடியில் அவன் பெயரும் தம்பி பெயரும் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கும். தம்பி பிறந்தபோது அவன் பெயரைத் தனியாக வெட்டி ஒட்டியதால் இரண்டு எழுத்தும் ஒரே அளவில் இருக்காது. எக்ஸ்சேஞ்ச் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அந்தத் தொகைக்காக அவன் மனதில் வாழ்நாள் முழுக்கக் கடன்காரியாக இருக்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். வேகன்ஆர் இப்போதும் தெருவில் நிற்கிறது, வீட்டுக்காரர் கடைக்கு அதில்தான் போகிறார். ஆகவே இந்தக் காரின் விலை என்று நான் சொல்லும் பதிமூன்றரை லட்சத்தோடு, கிடைக்காமல் போன அந்த எக்ஸ்சேஞ்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து லட்சத்தைத் தாண்டி இருபது லட்சத்துக்குள் இருக்கும் வண்டிக்குத் தமிழ்நாட்டில் 18 சதவீதம் வாழ்நாள் வரி என்பதையும்தான்.

புது வண்டியின் பின் கண்ணாடியில் யார் பெயரும் கிடையாது. டெலிவரி எடுத்த வாரம் ஸ்டிக்கர் கடைக்காரர், "பசங்க பேரு சொல்லுங்கக்கா, வரிசையா போட்டுறலாம்" என்றார். வரிசை என்றால் என்ன வரிசை? வயசுப்படி போட்டால் பாப்பா நடுவில் வருவாள், அண்ணன் தம்பிக்கு நடுவே. வந்த வரிசைப்படி போட்டால் கடைசி. பாப்பா, "எனக்கு ஸ்டிக்கரே பிடிக்காதுங்கண்ணா" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டாள். நம்பர் பிளேட்டை மட்டும் சரிபார்த்துக்கொண்டு வந்துவிட்டோம்.

ஷோரூம் அனுபவத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், எந்த ஷோரூமிலும் இப்படித்தான் நடந்திருக்கும். விற்பனையாளர் தம்பி நல்ல பையன், ஆனால் வாய் நிற்காது. "மூணு குழந்தைகளா மேடம்? இந்தக் காலத்துல மூணா!" என்றார். பெரியவனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து வயசுக் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. அதையெல்லாம் பழகிவிட்டோம். பழகாத இடம் படிவம்.

லோன் என் சம்பளத்தில் என்பதால் வண்டி என் பெயரில். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஆர்சியிலேயே நாமினி பெயர் சேர்க்கலாம். இன்சூரன்ஸில் ஓட்டுநர்-உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் நாமினி வேண்டும். "யார் பேர் போடட்டும், மூத்த பையன் பேரா?" என்று அந்தத் தம்பி சத்தமாகக் கேட்டார். மூன்று பிள்ளைகளும் பக்கத்து சோபாவில். நான் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் இதை ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெளிவாகத் தெரிந்துகொண்டோம். உங்கள் வீடும் எங்கள் வீடு மாதிரி என்றால் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, வண்டி என் பெயரில் இருந்து நான் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தால், முதல் உரிமை என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கும் கணவருக்கும். கணவருடைய மூத்த தாரத்துப் பிள்ளைகள் "மகன்" என்ற சொல்லுக்குள் வரமாட்டார்கள். 1987லேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. வண்டி அவர் பெயரில் இருந்திருந்தால் எனக்கும் பையன்களுக்கும் பங்கு உண்டு, பாப்பாவுக்கு இல்லை. எந்தப் பக்கம் போனாலும் ஒரு பிள்ளையாவது வெளியே நிற்கும். முறையாகத் தத்தெடுத்தால் மாறும். ஆனால் பாப்பாவின் அப்பா உயிரோடு, உரிமையோடு இருக்கிறார், அவர் சம்மதம் வேண்டும். அதைக் கேட்கும் எண்ணமும் எங்களுக்கு இல்லை. அவளுக்கு ஒரு அப்பா இருக்கிறார். ஆளுக்கொரு உயில் எழுதிவைப்பதுதான் வழி. ஒரு காரால் எங்கள் வீட்டில் உயில் எழுதப்பட்டது.

சொல்லப்போனால் 2022 ஜூலையில் ஆந்திரத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல் காட்டினார். கணவரை இழந்து மறுமணம் செய்த ஒரு அம்மா. பிள்ளையின் ஆவணங்களில் புதுக் கணவர் பெயரை "மாற்றாந்தந்தை" என்று குறிப்பிட வேண்டும் என உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அது ஏறக்குறையக் கொடூரம், அந்தப் பிள்ளையின் மனநிலையையும் தன்மதிப்பையும் நினைத்துப் பார்க்காதது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு காகிதத்தின் கட்டம் பிள்ளையை என்ன செய்யும் என்று நீதிபதிகளுக்கே புரிந்திருக்கிறது. ஷோரூம்காரர்களுக்கும் பள்ளிக்கூட கிளார்க்குகளுக்கும் புரிய நாளாகும்.

சரி, சீட்டுக்கு வருவோம். இரண்டு, மூன்று, இரண்டு என்று ஏழு.

முன் சீட் விவகாரம்தான் பெரியது. அம்மா போனபிறகு வேகன்ஆரில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தது பெரியவன். பாட்டுப் போடுவது, மேப் பார்ப்பது, அப்பாவுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பது, டோலில் பாலன்ஸ் மெசேஜைப் படித்துச் சொல்வது எல்லாம் அவன் வேலை. நான் வந்த நாளில், யாரும் சொல்லாமலே, அவன் பின்னால் போய்விட்டான். காதில் இயர்போன். எல்லாரும் "எவ்வளவு பக்குவமான பையன்" என்றார்கள். நானும் நம்பினேன். புது வண்டி வந்த பிறகு ஒருநாள் அடுப்படியில் அம்மிச்சி, "அவன் முன்னால உக்காரட்டும் அம்மிணி. நீ வந்ததுல அவனுக்கு வருத்தமில்ல. அந்த எடம் போனதுதான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது, மறைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது, இந்த விஷயத்திலேயே ஊறியவர்கள் சொல்வதுதான் என்று பிறகு படித்தபோது தெரிந்தது. மறுமணக் குடும்பங்களோடு பல பத்தாண்டுகள் வேலை செய்த அமெரிக்க உளவியலாளர் பட்ரிசியா பேப்பர்நவ், இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஐந்து சவால்கள் என்கிறார். முதலாவது, யார் உள்ளாள், யார் வெளியாள் என்பது. கல்யாணத்துக்கு முன்பே அப்பாவும் பிள்ளையும் ஒரு ஜோடி. புதிதாக வருகிற பெண் அந்த ஜோடிக்கு வெளியே நிற்கிறாள். அவள் உள்ளே வர வர, பிள்ளை அப்பாவை இழக்கிறான். பெரியவர்களுக்குக் கிடைக்கிற ஒவ்வொன்றும் பிள்ளையிடமிருந்து எடுத்ததாக இருக்கலாம். காரில் அது அப்படியே சீட்டாகத் தெரிந்தது.

இப்போது ஸ்கூல், டியூஷன், கடை, ஆஸ்பத்திரி என்று அன்றாட ஓட்டத்துக்கெல்லாம் முன் சீட் அவனுடையது. நான் நடு வரிசையில் அம்மிச்சியோடு. விசேஷ வீடு, கோயில் என்றால் நான் முன்னால். ஒரு கல்யாண மண்டப வாசலில் அவருடைய பெரியம்மா ஒருத்தர், "பொண்டாட்டிய பின்னாடி உக்கார வெச்சுட்டு வர்றான் பாரு" என்று சொன்னது காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும். பின்னாலிருந்து பார்த்தால் அவர்கள் இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போவது தெரியும், பேச்சு முழுக்க கிரிக்கெட். என்னிடம் பேசுகிறானா என்றால், பேசுகிறான். சின்னவன் என்னை அம்மா என்கிறான். பெரியவன் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சாப்பாடு ஆச்சுங்களா" என்று வாக்கியத்தையே அதற்கேற்ப அமைத்துக்கொள்வான். நான் அதை மாற்றச் சொல்லவில்லை.

நடு வரிசை இந்த வண்டியின் பலம். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம், சாய்க்கலாம், 60:40 என்று பிரிந்து மடங்கும். எங்கள் வண்டியில் கூரையில் தனி ஏசி வென்ட், அதற்கென்று தனியாக விசிறி வேகம் கூட்டிக் குறைக்கும் குமிழ். அம்மிச்சிக்கு முட்டிவலி. அவரைப் போன்றவர்களுக்கு எர்டிகாவின் ஏறும் உயரம் அருமை. குனியவும் வேண்டாம், ஏறித் தொங்கவும் வேண்டாம். உயரமான எஸ்யூவிகளில் அவரை ஏற்றி இறக்குவது ஒரு தனி வேலை.

நடு வரிசையில் மூன்று பேர் உட்காரலாம் என்றாலும் எங்கள் வண்டியில் நடு இடம் பெரும்பாலும் காலி. பாப்பா ஒரு ஜன்னல், அம்மிச்சியோ சின்னவனோ ஒரு ஜன்னல், நடுவில் பாப்பாவின் பை. முதலில் நான் அந்தப் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு "தள்ளி உக்காரு, எல்லாரும் சேர்ந்து உக்காரலாம்" என்பேன். ஒரே வண்டி, ஒரே குடும்பம், நெருக்கியடித்துச் சிரித்துக்கொண்டு போவது என்று விளம்பரங்களில் காட்டுவார்களே, அந்த ஆசை. இப்போது பையை விட்டுவிட்டேன். சொந்தத் தம்பியோடு இடித்துக்கொண்டு உட்காருவது வேறு; கல்யாண மண்டபத்தில் அறிமுகமான பையனோடு இடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் போவது வேறு. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அந்த அரை அடி தேவை. எர்டிகா அதைத் தருகிறது. ஐந்து சீட் வண்டியில் தந்திருக்க முடியாது.

இதே காரணத்தால்தான் எக்ஸ்எல்6 வேண்டாம் என்று விட்டோம். 2019லிருந்து மாருதியின் நெக்ஸா ஷோரூம்களில் விற்கும் அது இதே வண்டிதான், ஆனால் நடுவில் இரண்டு தனித்தனி கேப்டன் சீட், மொத்தம் ஆறு. நாங்கள் ஆறு பேர், கணக்கு சரியாக வருகிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் ஆட்களின் எண்ணிக்கை நிலையாக நிற்காது. பையன்களின் தாய்மாமா வருவார், பாப்பாவின் அத்தை பெண் லீவுக்கு வருவாள். சீட் சரியாக இருந்தால், வருகிற ஆளுக்காக ஒருவர் இறங்க வேண்டும். யாரை இறங்கச் சொல்வது?

உட்புறத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிர் பழுப்பு. பார்க்கப் பளிச்சென்று, உள்ளே இடம் அதிகம் மாதிரித் தெரியும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகவே ஆகாது. வந்த முதல் மாதமே சின்னவன் ரோஸ் மில்க்கைக் கொட்டினான். நடு சீட்டின் விளிம்பில் விழுந்து, தையல் வழியே ஓடி, பெல்ட் செருகும் இடத்தில் போய்த் தங்கியது. நான் திரும்பிப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரர், "பரவால்ல விடு, தொடச்சுக்கலாம்" என்றார். சின்னவன் துடைக்கத் துடைக்க ரோஸ் கலர் பரவியது. பாப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நான் கொட்டியிருந்தா?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். அவள் கொட்டியிருந்தால் நான் கத்தியிருப்பேன். சொந்தப் பிள்ளையைத் திட்டலாம், அவர் பிள்ளையைத் திட்டினால் சித்தி கொடுமை. இந்தக் கணக்கில் சொந்தப் பிள்ளைக்குத்தான் நஷ்டம், அதை யாரும் பேசுவதில்லை. பேப்பர்நவ் சொல்வதில் எனக்கு மிகவும் உதவியது இது: கண்டிப்பது பெற்றவர் வேலை, புதிதாக வந்தவர் முதலில் உறவைப் பிடிக்கட்டும், திருத்துவது பிறகு. அதை எங்கள் வீட்டு மொழியில் மாற்றி, வண்டிக்குள் என்ன சாப்பிடலாம் என்று வீட்டுக்காரரை விட்டே மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்லவைத்தோம்: தண்ணீர், பிஸ்கட், பழம். மற்றதெல்லாம் இறங்கித்தான். அப்புறம் கருப்பு லெதரெட் சீட் கவர் போட்டாயிற்று. வாங்கினால் டெலிவரிக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

மூன்றாம் வரிசையைப் பற்றி ஊரெல்லாம் சொல்வது உண்மை: பெரியவர்கள் நீண்ட தூரம் போவதற்கல்ல. முட்டி மேலே தூக்கிக்கொள்ளும், தொடைக்கு ஆதாரம் இருக்காது. ஆனால் இது 50:50 என்று பிரிந்து மடங்குவதால், ஒரு பாதியை மடக்கி சாமான் வைத்துவிட்டு மறுபாதியில் ஒருவர் உட்காரலாம். நெடுந்தூரப் பயணங்களில் அது பெரியவனின் தனியறை. முன் சீட் எனக்கு என்றான நாட்களில் அவன் நடுவில் உட்காருவதில்லை, நேராகப் பின்னால் போய்விடுவான். கோபித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்தேன். அங்கே அவன் குறட்டை விட்டுத் தூங்குவதைப் பார்த்தபிறகு அந்தக் கவலை விட்டது.

எல்லா சீட்டும் நிமிர்ந்திருந்தால் டிக்கியில் 209 லிட்டர்தான் இடம். ஒரு சூட்கேஸ், ஒரு கட்டைப்பை, அவ்வளவே. மூன்றாம் வரிசையை மடக்கினால் 550. இதனால்தான் சிஎன்ஜி பக்கம் போகவில்லை. கிலோவுக்கு 26.11 கிலோமீட்டர் என்பது ஆசை காட்டும், ஆனால் சிலிண்டர் உட்காருவது டிக்கியில். ஆறு பேரும் போக வேண்டும், சாமானும் வேண்டும் என்றால் பெட்ரோல்தான்.

மூன்றாம் வரிசையின் உண்மையான சோதனை வால்பாறை. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அண்ணனோடு பின்னால் உட்காருவேன் என்று சின்னவன் அடம்பிடித்து ஏறிக்கொண்டான். ஆறாவது வளைவிலேயே அவன் பேச்சு நின்றது. நான் முன்னாலிருந்து கண்ணாடியில் பார்ப்பதற்குள் பாப்பா பையிலிருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்துப் பின்னால் நீட்டியிருந்தாள், திரும்பிப் பார்க்காமலே. ஒன்பதாவது வளைவில் காட்சி முனை இருக்கிறதே, அங்கே நிறுத்தினோம். நடு சீட்டின் லீவரை இழுத்தால் சீட் சாய்ந்து முன்னால் நகர்ந்து வழி விடும். அதற்கு நடுவில் இருப்பவர் இறங்கியாக வேண்டும். பாப்பா இறங்கி, லீவரை அவளே இழுத்து, அவனை வெளியே விட்டாள். அவன் "அம்மிச்சி" என்று அழுதான். அம்மிச்சி முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவதற்குள் வாந்தி வந்துவிட்டது, நெற்றியைப் பிடித்தது நான். கையைத் தட்டிவிடவில்லை.

அங்கிருந்து வால்பாறை வரை முன் சீட் சின்னவனுக்கு. மலைப்பாதையில் யாருக்கு வாந்தி வருமோ அவருக்கே முன் சீட் என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம். உரிமை, பழக்கம், மரியாதை எதுவும் அதன்முன் செல்லாது. ஏற்றத்தில் ஆறு பேரோடு அந்த ஒன்றரை லிட்டருக்கு மூச்சு வாங்கும். இரண்டாவது கியரில் பொறுமையாகப் போனால் ஏறிவிடும். டர்போ டீசல் ஓட்டிப் பழகியவர்கள் எரிச்சலடைவார்கள். எர்டிகாவில் டீசல் 2020லேயே நின்றுவிட்டது.

இந்த வண்டியை நான் அதிகம் விரும்புவது அதில் இரண்டே பேர் போகும்போது. குடும்ப நீதிமன்ற ஏற்பாட்டின்படி மாதத்தில் இரண்டு ஞாயிறு பாப்பா அவள் அப்பாவோடு. அவர் ஈரோட்டிலிருந்து வருவார், நாங்கள் இங்கிருந்து போவோம், விஜயமங்கலம் டோல் பக்கம் ஒரு பேக்கரியில் சந்திப்பு. போகும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் நானும் அவளும் மட்டும். வீட்டில் ஆறு பேருக்கு நடுவே அவளுக்கு நான் முழுதாகக் கிடைப்பது அந்தச் சாலையில்தான். ரோஸ் மில்க் பற்றி அவள் முழுதாகப் பேசியதும் அங்கேதான். புதுக் குடும்பம் ஒட்ட வேண்டும் என்றால் எல்லாரையும் எப்போதும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். பிள்ளைக்கு வேண்டியது தன் அம்மாவோ அப்பாவோ தனியாக, பங்கில்லாமல் கொஞ்ச நேரம். ஏழு சீட்டில் ஐந்து காலியாக ஓடினால் பெட்ரோல் வீண் என்று வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார், வேகன்ஆரை எடுத்துப் போகலாமே என்றார். வேகன்ஆரில் அவள் ஏறமாட்டாள். அது பையன்களின் அம்மா வண்டி என்று அவளுக்கும் தெரியும்.

பேக்கரியில் ஒருமுறை அவள் அப்பா மரியாதைக்கு, "புது வண்டி நல்லாருக்கா பாப்பா?" என்று கேட்டார். "பின்னாடி ஏசியே வராதுப்பா" என்றாள். வழக்கமாக அவள் உட்காருவது வென்ட்டுக்கு நேர் கீழே, குளிர்கிறது என்று துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு. நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டியைப் புகழ்ந்தால் அப்பாவைக் குறைத்ததாகிவிடும் என்பது அவள் கணக்கு. திருத்தப் போகவில்லை. ஆகவே இந்தக் காரின் பின் ஏசியைப் பற்றி யாராவது குறை சொன்னால், சொல்பவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வரிசைக்குக் காற்று போய்ச்சேரக் கொஞ்ச நேரமாகும் என்பது மட்டும் உண்மை.

என் அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, இரண்டு வீட்டுக்கு நடுவே அலையும் பிள்ளைகள் கெட்டுத்தான் போகும் என்று ஒரு கட்டுரையை அனுப்பினான். அதில் மேற்கோள் காட்டியிருந்த வர்ஜீனியா பல்கலைக்கழகத்து மேவிஸ் ஹெதரிங்டனின் ஆய்வைத் தேடிப் படித்தேன். சுமார் 1,400 குடும்பங்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தவர். பிரிந்த வீட்டுப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட 25 சதவீதம் பேருக்குத் தீவிரமான சிக்கல்கள், பிரியாத வீடுகளில் 10 சதவீதம். இரண்டரை மடங்கு, சின்ன விஷயமில்லை. அதே கணக்கில் மீதி 75 சதவீதம் பேர் சமாளித்து வந்துவிட்டார்கள் என்பதை அண்ணன் படிக்கவில்லை. படித்துக் காட்டினேன், பதில் இல்லை.

மற்றவை சுருக்கமாக. டொயோட்டா ரூமியன் இதே வண்டி, முகப்பும் பேட்ஜும்தான் வேறு. எது சீக்கிரம் கிடைக்கிறதோ அதை எடுங்கள். 2025 ஜூலையிலிருந்து எர்டிகாவின் எல்லா வேரியன்ட்டிலும் 6 ஏர்பேக் வந்துவிட்டது, அதனால் பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தள்ளப் பார்த்தால் தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். பையன்களும் அம்மாவும் ஓட்டப்போகும் வண்டி என்றால் மேனுவலே போதும், ஊருக்குள்ளேயே ஓட்டம் என்றால் ஆட்டோமேட்டிக்.

டெஸ்ட் டிரைவுக்குக் கணவன் மனைவி மட்டும் போகாதீர்கள். பிள்ளைகள், பாட்டி, எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய், கதவைத் திறந்துவிட்டு, யார் எங்கே உட்கார வேண்டும் என்று வாயைத் திறக்காமல் நில்லுங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். யார் எந்த சீட்டுக்குப் போகிறார்கள், யார் கடைசியாக ஏறுகிறார்கள் என்று பாருங்கள். உயரமான பிள்ளையை மூன்றாம் வரிசையில் ஒரு கிலோமீட்டராவது உட்காரவையுங்கள், பாட்டியை இரண்டு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். நாமினி கட்டத்தில் யார் பெயர் என்பதை மட்டும் ஷோரூமுக்குப் போகும் முன் நீங்கள் இருவரும் தனியாகப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். அங்கே சத்தமாகத்தான் கேட்பார்கள்.